ஆழம் மட்டும் போதாது

(திருகோணமலை நகரில் சிறு முயற்சியாளர்களுக்காக நடந்த கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சிறிய இணையக் கடையைப் புதிய சந்தைத் தளமொன்றுக்கு விரிவாக்குவது பற்றிப் பேசச் சொன்னார்கள். உங்களில் பலர் பேஸ்புக் பக்கம் ஒன்றை வைத்துக்கொண்டு, வட்ஸ்அப்பில் ஓர்டர் எடுத்து, கூரியரில் பார்சல் போடுகிறீர்கள். இப்போது டராஸ் என்ற சந்தைத் தளத்தில் ஏறலாமா, வெளிநாட்டுத் தளங்களிலும் விற்றுப் பார்க்கலாமா என்று யோசிக்கிறீர்கள். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏறுங்கள், ஆனால் கடையை முழுவதாகத் தூக்கி அங்கே வைத்துவிடாதீர்கள். ஏன் ஏற வேண்டும், எதைக் கையிலேயே வைத்திருக்க வேண்டும் என்பதற்கு நமது ஊர்த் துறைமுகத்தின் கதையே நல்ல பாடம்.

திருகோணமலை உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அது பொய்யில்லை. ஆழமான நீர், சுற்றிவர மலை, புயலுக்கும் அசையாத உட்குடா. போர்த்துக்கேயர் வந்து கோட்டை கட்டினார்கள். ஒல்லாந்தர் பிடித்தார்கள். 1795இல் ஆங்கிலேயர் எடுத்தார்கள். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டன. 1957 வரை பிரித்தானியக் கடற்படை இங்கே இருந்தது. இவ்வளவு பேர் அடிபட்டுப் பிடித்த துறைமுகத்தில் நாட்டின் வணிகம் ஏன் குடியிருக்கவில்லை? இன்றைக்கும் நமது பொருள் கொள்கலனில் ஏற வேண்டுமென்றால் லொறி கொழும்புக்குத்தானே போகிறது?

கொழும்பு இயற்கையில் நல்ல துறைமுகமே இல்லை. தென்மேல் பருவப்பெயர்ச்சிக் காலத்தில் கப்பல்கள் அலையில் ஆடிக்கொண்டு வெளியே நிற்க வேண்டியிருந்தது. அங்கே அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் நட்டது 1875இல். வேலை முடிந்தது 1885இல். ஆனால் அதற்கு முன்பே, 1867இல், கொழும்பிலிருந்து கண்டிக்கு ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. மலைநாட்டுக் கோப்பியும் பின்னர் தேயிலையும் அந்தத் தண்டவாளத்தில் இறங்கி வந்தன. 1869இல் சுயஸ் கால்வாய் திறந்ததும் கிழக்கே போகிற கப்பல்களுக்குக் கொழும்பு வழியில் அமைந்தது. நமது ஊருக்கு ரயில் வந்ததோ 1927இல். அறுபது வருடம் பிந்தி.

இந்த வரலாற்றில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. தண்ணீர் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் போக்குவரத்துத் தொடர்பு இல்லாத இடத்துக்கு வணிகம் வராது என்பது முதலாவது. பொருள் நல்லதாக இருந்தால் வாங்குகிறவர் தேடி வருவார் என்று நம்பிக்கொண்டு இருக்கிறவர்களுக்கு அது உறைக்க வேண்டும். பின்னிலத்தில் சரக்கும் அதைக் கொண்டுவரும் பாதையும் ஆயத்தமான பிறகே அலைதடுப்பு கட்டினார்கள் என்பது இரண்டாவது. தளத்தில் கணக்குத் திறப்பது துறைமுகம் கட்டுவது. அதற்குப் பின்னால் சரக்கு இருக்கிறதா என்பது வேறு கேள்வி. முதலாவது செய்தி உங்களை ஏறச் சொல்கிறது. இரண்டாவது செய்தி எந்த ஒழுங்கில் ஏற வேண்டும் என்று சொல்கிறது.

நமது நாட்டில் இந்தச் சந்தைத் தளங்கள் எப்படி வந்தன என்று பார்ப்போம். 2000களின் தொடக்கத்தில் வந்த கப்ருக, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் ஊரிலுள்ள தாய் தகப்பனுக்குக் கேக்கும் பூவும் அனுப்புகிற வசதியோடு வளர்ந்தது. காசு டொலரில் வந்தது. பொருள் உள்ளூரில் கைமாறியது. 2012இல் வந்த இக்மன், பழைய மோட்டார் சைக்கிளிலிருந்து காணி வரை விளம்பரம் போடும் இடமானது. அங்கே விற்பவரும் வாங்குபவரும் தாமே பேசி முடிக்க வேண்டும். டராஸ் 2012இல் பாகிஸ்தானில் தொடங்கிய நிறுவனம். இங்கே வந்து, 2018இல் சீனாவின் அலிபாபாவின் கைக்குப் போனது. 2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டபோது, ஒருநாளும் ஒன்லைனில் வாங்காதவர்களும் வாங்கப் பழகினார்கள். பேஸ்புக் பக்கங்களும் அப்போதுதான் வீட்டுக்கு வீடு முளைத்தன.

ஒரு சந்தைத் தளம் உங்களுக்கு நான்கு காரியங்கள் செய்து தருகிறது. வாங்கும் எண்ணத்தோடு வருகிற ஆட்களைக் காட்டுகிறது. பேஸ்புக்கில் பொழுதுபோக்க வந்தவரை நீங்கள் வாங்க வைக்கிறீர்கள், தளத்தில் அவர் பொருளின் பெயரைத் தேடியே வருகிறார். காசை வாங்கித் தருகிறது. பார்சலைக் கொண்டுபோகிறது. அறிமுகமில்லாத இருவருக்கு இடையே நம்பிக்கைக்குப் பொறுப்பு நிற்கிறது. கொழும்பில் இருக்கிற பெண்ணுக்கு மூதூரில் இருக்கிற உங்களைத் தெரியாது. பொருள் வராவிட்டால் காசு திரும்பும் என்பது தெரியும். இந்த நான்குக்கும் விலை உண்டு. அந்த விலையைக் கணக்குப் போடாமல் ஏறுகிறவர்கள்தான் ‘ஓர்டர் வருகிறது, காசைக் காணோம்’ என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்கள்.

ஒரு கணக்குப் பார்ப்போம். தொகைகள் விளக்கத்துக்காக நான் வைத்தவை. உங்கள் பொருளுக்கு உங்கள் தொகையைப் போட்டுப் பாருங்கள். பனையோலைக் கூடை ஒன்று. வட்ஸ்அப்பில் விலை 1,500 ரூபா. கூரியர் கூலியை வாங்குபவர் தருகிறார். ஓலை, சாயம், பின்னியவரின் கூலி எல்லாம் 900 ரூபா. பொதி கட்ட 60 ரூபா. மிச்சம் 540. மாதம் 10 கூடை விற்றால் 5,400 ரூபா.

இப்போது அதே கூடை தளத்தில் ஏறுகிறது. தளம் ‘விற்பனைத் திருவிழா’ என்று அழைக்க, நீங்கள் நூற்றுக்கு 10 கழிவு கொடுக்கிறீர்கள். விலை 1,350 ஆகிறது. கொமிஷன், கொடுப்பனவுக் கட்டணம் எல்லாம் சேர்த்து நூற்றுக்கு 15 என்று வைப்போம்: 202 ரூபா 50 சதம். கூடைச் செலவு 900, பொதி 60. மிச்சம் 187 ரூபா 50 சதம். சரி, ஓர்டர் இரண்டு மடங்காகி 20 வந்துவிட்டது என்று வைப்போம். அதில் 2 திரும்பி வருகிறது. விற்ற 18க்கும் மிச்சம் 3,375. திரும்பிய இரண்டின் பொதிச் செலவு 120 போய்விட்டது. அதில் ஒரு கூடை நசிந்து வந்தால் இன்னொரு 900. கடைசியில் கையில் 2,355 ரூபா. வேலை இரட்டிப்பு, மிச்சம் பாதிக்கும் குறைவு.

இதைக் கேட்டுவிட்டுத் தளமே வேண்டாம் என்று எழும்பிவிடாதீர்கள். அதே கணக்கை வேறு விதமாகப் போடலாம். மூன்று அளவுக் கூடைகளை ஒன்றுக்குள் ஒன்று வைத்து, பெட்டியில் போட்டு, பரிசுத் தொகுதியாக 4,800 ரூபாவுக்கு வைக்கிறீர்கள். தளத்தின் 15 வீதம் 720. கூடைகள் 2,700. பெட்டியும் பொதியும் 120. ஓர் ஓர்டருக்கு மிச்சம் 1,260. கழிவுத் திருவிழாவுக்குப் போகவில்லை. ஒன்றுக்குள் ஒன்று இருப்பதால் நசியும் வாய்ப்பும் குறைவு. வட்ஸ்அப்பில் விற்கிற பொருளை அப்படியே எடுத்துத் தளத்தில் போடாமல், தளத்தின் செலவைத் தாங்கும் வடிவில் பொருளை மாற்றிப் போடுங்கள் என்பதே நான் சொல்ல வருவது.

இந்தக் கணக்கில் பின்னியவரின் கூலியைச் சேர்த்தேன் என்பதைக் கவனித்தீர்களா? நமது பெண்கள் பலர் தம் உழைப்பைச் செலவாக எழுதுவதில்லை. ‘வீட்டில் இருந்து செய்கிறதுதானே’ என்கிறார்கள். ஓர்டர் பெருகும்போது பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட வேண்டி வரும். அவருக்குக் கூலி கொடுக்கும் நாளில்தான் விலை பிழை என்று தெரியும். அன்றைக்கு விலையைக் கூட்டினால் வாங்குகிறவர் கேள்வி கேட்பார்.

இன்னொன்று, காசு வரும் நாள். வட்ஸ்அப்பில் வங்கிக் கணக்குக்குக் காசு வந்த பிறகு பார்சல் போடுகிறீர்கள். தளத்தில் பொருள் கைசேர்ந்து, திருப்பி அனுப்பும் காலமும் கழிந்து, அவர்களுடைய கணக்கு நாளில்தான் காசு வரும். 20 கூடைக்குச் செலவு 960 வீதம் 19,200 ரூபா. அந்தத் தொகை சில வாரங்கள் வெளியே நிற்கும். ஓலை தருகிறவருக்கும் பின்னுகிறவருக்கும் அன்றன்றைக்குக் காசு வேண்டும். அந்த இடைவெளியைத் தாங்க எவ்வளவு முதல் இருக்கிறதோ, அவ்வளவு ஓர்டருக்குத்தான் ஸ்டொக் காட்ட வேண்டும்.

எந்தப் பொருள் ஏறும், எது ஏறாது? நமது மாவட்டத்துப் பொருள்களையே எடுப்போம். மண்சட்டியில் உறைந்த எருமைத் தயிர் கூரியரில் 260 கிலோமீற்றர் போய்க் கொழும்பில் தயிராக இறங்காது. அதை உள்ளூர் வட்ஸ்அப் குழுவுக்கு விடுங்கள். பன்பாய் நல்ல பொருள், ஆனால் நீளம். கூரியர் நிறுவனங்கள் நிறையை மட்டும் பார்ப்பதில்லை. பொதியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்ரிமீற்றரில் பெருக்கி 5,000ஆல் வகுத்து ‘கன அளவு நிறை’ போடுவது, முக்கியமாக வெளிநாட்டுக் கூரியரில், வழக்கம். சுருட்டிய பாய் 100 சென்ரிமீற்றர் நீளமும் 15க்கு 15 பருமனும் இருந்தால், தராசில் எவ்வளவு குறைவாகக் காட்டினாலும் கணக்கில் 4.5 கிலோ. அதே பன்னில் மேசைக்கு விரிக்கும் சிறு விரிப்பு ஆறு பின்னித் தட்டையாக அடுக்கினால் அந்தத் தண்டச் செலவு இல்லை.

கருவாடு போகும். கேட்கிற ஆட்கள் நாடு முழுவதும் இருக்கிறார்கள். ஆனால் வாடியில் சாக்கில் கட்டிக் கொடுத்த மாதிரி அனுப்ப முடியாது. காற்று நீக்கி அடைத்த பை வேண்டும். பையில் பொருளின் பெயர், நிறை, உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, விலை, செய்தவரின் பெயர், முகவரி எல்லாம் வேண்டும். நெத்தலி என்று எழுதினால் முழுப் பையும் நெத்தலியாக இருக்க வேண்டும். உப்பு எவ்வளவு, எத்தனை நாள் வெயில் என்று ஒரே அளவில் செய்யப் பழக வேண்டும். இல்லாவிட்டால் முதல் பை வாங்கியவர் ஐந்து நட்சத்திரமும் இரண்டாம் பை வாங்கியவர் ஒரு நட்சத்திரமும் போடுவார்.

இங்கே நமக்கென்று ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. அலிபாபா 2009இல் சீனாவில் தொடக்கிய 11.11 விற்பனையை டராஸ் இங்கேயும் கொண்டுவந்தது. நவம்பர் 11. அந்த நேரம் கொழும்புக்காரருக்கு நத்தாருக்கு முந்திய கொள்வனவுக் காலம். நமக்கோ மாரிமழைக் காலம். கடலுக்குப் போக ஏலாது. போனாலும் கருவாடு காயாது. ஓலை பூஞ்சணம் பிடிக்கும். பன் எடுக்கிற இடமெல்லாம் வெள்ளம். ஓர்டர் கூடுகிற மாதமும் உற்பத்தி படுக்கிற மாதமும் ஒன்றாக வருகின்றன. கொழும்பில் எழுதிய எந்த வழிகாட்டிப் புத்தகமும் இதைச் சொல்லித் தராது. நவம்பரில் விற்கிற பொருளை ஓகஸ்ட், செப்டெம்பர் வெயிலில் செய்து, ஈரம் புகாத இடத்தில் அடுக்கி வைத்திருக்க வேண்டும். அதற்கு இடம் இல்லையென்றால் அந்தத் திருவிழாவை விட்டுவிடுங்கள். சித்திரைப் புத்தாண்டு விற்பனை நமது காலநிலைக்கு இன்னும் தோதானது. மே முதல் செப்டெம்பர் வரை நிலாவெளிக்கும் உப்புவெளிக்கும் வருகிற சுற்றுலாப் பயணிகள் கையில் ஒரு கூடையைக் கொடுத்து, தளத்தில் உங்கள் கடைப் பெயரையும் சொல்லி அனுப்பலாம்.

ஏறும்போது பத்துப் பதினைந்து பொருளோடு ஏறாதீர்கள். மூன்று போதும். நன்றாக விற்பது, எளிதில் உடையாதது, மறுபடியும் அதே மாதிரிச் செய்யக்கூடியது. போட்டோ பகல் வெளிச்சத்தில் எடுங்கள். கூடைக்குப் பக்கத்தில் அளவுகோல் வைத்து ஒரு படம் கட்டாயம். ‘நினைத்ததைவிடச் சின்னது’ என்று திரும்பி வருகிற பொருளை அந்த ஒரு படம் மிச்சம் பிடிக்கும். விவரத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். சிங்களத்தில் சரியாக எழுத வராவிட்டால், பக்கத்தில் சிங்களம் படித்த பிள்ளை ஒருவர் இல்லாத ஊரா நமது ஊர்?

ஸ்டொக் கணக்கில்தான் பலர் சறுக்குவார்கள். ஒரே ஒரு கூடை; அது பேஸ்புக்கிலும் இருக்கிறது, தளத்திலும் இருக்கிறது. காலையில் லண்டனிலிருந்து ஒரு மாமி வட்ஸ்அப்பில் வாங்கிவிட்டார். மத்தியானம் தளத்தில் ஓர்டர் விழுகிறது. நீங்கள் அதை இரத்துச் செய்தால் தளம் உங்கள் மதிப்பைக் குறைக்கும். தேடலில் பின்னுக்குப் போவீர்கள். ஆகவே கையில் 20 இருந்தால் தளத்தில் 12 மட்டும் காட்டுங்கள். மிச்சம் உங்கள் சொந்த வாடிக்கையாளருக்கு. ஒரு கொப்பி, ஒரு நேரம். ஒவ்வொரு நாளும் இரவுச் சாப்பாட்டுக்கு முன் இரண்டு பக்கமும் சரிபார்த்துவிட வேண்டும்.

அனுப்பும் நேரமும் அப்படித்தான். ஓர்டர் விழுந்து குறித்த நேரத்துக்குள் பொதியை ஒப்படைக்க வேண்டும் என்பது தளங்களின் விதி. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை அக்கரைக்காரர் படகுப் பாதைக்குக் காத்துக் கிடந்தது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். இப்போது பாலம் இருக்கிறது. ஆனால் உங்கள் வீட்டிலிருந்து பொதியை ஒப்படைக்கும் இடத்துக்கு ஒரு தடவை போய்வர என்ன செலவு? ஒரு கூடைக்காக முச்சக்கர வண்டி பிடித்தால் அந்த 187 ரூபாவும் வழியிலேயே முடிந்துவிடும்.

கடதாசி வேலைக்கு வருவோம். வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தின் ஊடாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். வங்கியில் அந்தப் பெயரில் கணக்குத் திறக்கலாம். தளத்தில் விற்பதெல்லாம் வரிக் கணக்கில் தெரியும். எழுத்தில் இருக்கிற வருமானம் அது. 2024 ஜனவரி முதலாம் திகதி பெறுமதி சேர் வரி 18 வீதமாக உயர்ந்தபோது, அந்த வரிக்குப் பதிய வேண்டிய ஆண்டு விற்பனை எல்லையை 80 மில்லியனிலிருந்து 60 மில்லியன் ரூபாவாகக் குறைத்தார்கள். நம்மில் பெரும்பாலோர் அந்த எல்லைக்குக் கிட்டவும் இல்லை. ஆனாலும் எல்லைகள் வரவுசெலவுத் திட்டத்தோடு மாறுபவை. ஆண்டுக்கொரு முறை கேட்டறிந்துகொள்ளுங்கள். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டத்தின்படி, மின்வழியில் செய்த உடன்பாடு என்ற ஒரே காரணத்தால் அது செல்லாமல் போகாது. வட்ஸ்அப்பில் ‘சரி, அனுப்புகிறேன்’ என்று எழுதுவதும் விளையாட்டில்லை.

கடற்கரை மாவட்டம் என்பதால் இதையும் சொல்ல வேண்டும். புறாத்தீவுக் கடலின் முருகைக்கல்லை எடுத்து மாலை கோத்தோ, ஆமையோட்டில் சீப்புச் செய்தோ யாரும் எந்தத் தளத்திலும் போட்டுவிடாதீர்கள். வனவிலங்குச் சட்டப்படி குற்றம். படமே சாட்சியாகும்.

வெளிநாட்டுத் தளங்களைப் பற்றி நிறையப் பேர் கேட்டீர்கள். ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் நமது ஆட்கள் இருக்கிறார்கள். ஊர்ப் பொருளுக்கு ஆசை உண்டு. ஆனால் மூன்று கதவுகளைத் தாண்ட வேண்டும். முதலாவது காசு. இலங்கையிலிருந்து பேபாலில் பணம் கட்டலாம், பெற முடியாது என்ற நிலை பல வருடங்கள் நீடித்தது. அதனால் நமது விற்பனையாளர்கள் பேயோனியர் போன்ற இடைவழிகளைப் பிடித்தார்கள். ஒவ்வொரு இடைவழியும் தன் பங்கை எடுக்கும். இரண்டாவது வரி. 2021 ஜனவரி முதல், 135 பவுணுக்கு உட்பட்ட பொருள் பிரித்தானியாவுக்குப் போனால், சந்தைத் தளமே விற்கும் இடத்தில் பெறுமதி சேர் வரியை அறவிட வேண்டும். அதே ஆண்டு ஜூலை முதல் ஐரோப்பிய ஒன்றியமும் 22 யூரோவுக்குக் குறைந்த பொருளுக்கு இருந்த விலக்கை எடுத்துவிட்டது. அமெரிக்காவில் 800 டொலர் வரை தீர்வையில்லாமல் போன வசதி 2025 ஓகஸ்ட் 29ஆம் திகதி எல்லா நாடுகளுக்கும் நிறுத்தப்பட்டது. இலங்கைப் பொருளுக்கு அந்த ஆண்டு ஏப்ரலில் 44 வீதத் தீர்வை அறிவித்து, ஓகஸ்டில் 20 வீதமாக்கினார்கள். இப்படி அடிக்கடி மாறுகிற இடத்தில் விலையை ஒருமுறை எழுதிவிட்டு மறந்துபோக ஏலாது.

மூன்றாவது கதவு பொருளே. ஐரோப்பாவுக்குள் மீன் பொருள் போக வேண்டுமானால் அங்கீகாரம் பெற்ற பதப்படுத்தும் நிலையத்திலிருந்து போக வேண்டும். வீட்டில் காயவைத்த கருவாட்டைப் பார்சலில் விற்கும் தொழிலுக்கு அங்கே இடமில்லை. பனையோலைப் பொருள், பன் விரிப்பு, கைத்தறித் துணி ஆகியவற்றோடு தொடங்குங்கள். அதுவும் உள்நாட்டுத் தளத்தில் ஒரு பருவம் முழுவதும் ஒழுங்காக ஓடிய பிறகு.

தளத்தின் விதிகளைப் பற்றியும் பேச வேண்டும். நயினாதீவில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு மன்னன் வைத்தது, தமிழில் வெட்டியது. பரதேச வணிகர்கள் ஊர்காவற்றுறைக்கு வர வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு என்கிறது. யானையும் குதிரையும் கொண்டுவருகிற கப்பல் உடைந்தால் காற்பங்கு பண்டாரத்துக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. வணிகப் பண்டம் ஏற்றிய கப்பல் உடைந்தால் சரிபாதி. பாதி என்பது பெரிய பங்குதான். ஆனாலும் அந்த வணிகன் கடலில் இறங்கு முன்பே அந்தப் பாதியை அறிந்திருந்தான். அவன் வாசிக்கக்கூடிய மொழியில் கல்லில் இருந்தது. அரசனுக்கு எது முக்கியம் என்பதும் தெரிந்தது: யானை, குதிரை கொண்டுவருகிறவனுக்குச் சலுகை.

இன்றைய தளங்களின் விதி கல்லில் இல்லை. எட்சி என்ற கைவினைச் சந்தையில் விற்பனைக் கட்டணம் நூற்றுக்கு 5 ஆக இருந்தது. 2022 ஏப்ரலில் 6.5 ஆக்கினார்கள். ஆயிரக்கணக்கான சிறு விற்பனையாளர்கள் ஒரு வாரம் கடைகளை மூடி எதிர்ப்புக் காட்டினார்கள். கட்டணம் குறையவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் ஒரு விதி கொண்டுவந்தது. 2020 ஜூலை முதல், தளங்கள் நிபந்தனையை மாற்றுவதற்குக் குறைந்தது 15 நாள் முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும். அது ஐரோப்பிய விற்பனையாளருக்கான காவல், நமக்கில்லை. அமேசன், தன்னிடம் விற்கிறவர்களின் உள்தரவுகளைத் தன் சொந்த வியாபாரத்துக்குப் பயன்படுத்துவதில்லை என்று 2022 டிசம்பரில் ஐரோப்பிய ஆணைக்குழுவிடம் உறுதி கொடுக்க வேண்டி வந்தது. எந்தப் பொருள் எந்த விலைக்கு ஓடுகிறது என்ற உங்கள் அறிவு, தளத்தில் ஏறிய அன்றே தளத்துக்கும் தெரிந்துவிடுகிறது.

ஆகையால் எதைக் கையில் வைத்திருப்பது? முதலில் உங்கள் பெயர். ‘பனைக் கூடை’ என்று விற்றால் நாளைக்கு யாரும் அதே பெயரில் மலிவாக விற்பார்கள். கடைக்கு ஒரு பெயர், ஊர்ப் பெயரோடு, ஒவ்வொரு பொருளிலும் தைத்தோ ஒட்டியோ இருக்கட்டும். தளத்தில் வாங்கியவரை வெளியே இழுக்கிற துண்டுப் பிரசுரம் வைப்பதைப் பல தளங்கள் தடுக்கின்றன. அந்த விதியை மீறாதீர்கள். ஆனால் உணவுப் பொதியில் செய்தவரின் பெயரும் முகவரியும் போடச் சட்டமே சொல்கிறது. அதைத் தெளிவாக, அழகாகப் போடுங்கள்.

அடுத்தது பழைய வாடிக்கையாளர். தளத்தில் ஏறியதும் வட்ஸ்அப் குழுவைக் கவனிக்காமல் விடுகிறவர்கள் உண்டு. அந்தக் குழுவில் இருக்கிற நூறு பேருக்கும் கொமிஷன் இல்லை. புதுப் பொருளை முதலில் அவர்களுக்குக் காட்டுங்கள். தளம் ஒரு நாள் உங்கள் கணக்கை நிறுத்தினாலும் அடுப்பு எரிவது அவர்களால்தான். மொத்த விற்பனையில் தளத்தின் பங்கு பாதிக்கு மேல் போகிறதா என்று மாதா மாதம் பாருங்கள். போனால், அது மகிழ்ச்சி மட்டும் தரும் செய்தியில்லை.

கடைசியாக, தனித்தனியாக ஏறுவதா, சேர்ந்து ஏறுவதா? இந்த மண்டபத்தில் பனையோலை வேலை செய்கிற பெண்கள் மட்டும் ஒரு வரிசை நிரம்ப இருக்கிறீர்கள். ஒவ்வொருவரும் ஒரு கணக்குத் திறந்தால், ஒரே தேடலில் ஒருவருக்கொருவர் விலையை வெட்டிக்கொண்டு நிற்பீர்கள். வாங்குகிறவருக்கு இலாபம், தளத்துக்கு நட்டமில்லை, நமக்குத்தான் வெட்டு. சேர்ந்து ஒரே கடையாக ஏறினால், ஒரு போட்டோ எடுக்கும் மேசை போதும், ஒரு முச்சக்கர வண்டி போதும், நகரில் பொதி கட்ட ஓர் அறை போதும். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலும் ஓர்டர் போகும். மழைக்கு முன் ஸ்டொக் அடுக்கவும் ஓர் இடம் கிடைக்கும். 1972ஆம் ஆண்டின் கூட்டுறவுச் சங்கச் சட்டம் இருக்கிறது. அந்த அளவுக்குப் போகாமல் நால்வர் ஐவர் பங்காளிகளாகப் பெயர் பதிந்தும் தொடங்கலாம். ஆனால் சேர்வதற்கு முன் இரண்டை எழுதி ஒப்பமிடுங்கள்: கூடையின் அளவு என்ன, திரும்பி வந்த பொருளின் நட்டம் யாருடையது. கூட்டு முயற்சிகள் உடைகிற இடம் பெரும்பாலும் இந்த இரண்டாவது கேள்விதான். இலாபத்தைப் பிரிக்க எல்லோருக்கும் வாய் இருக்கும்.

வீட்டுக்குப் போய் இன்றைக்கே யாரும் கணக்குத் திறக்க வேண்டாம். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் மூன்று எண்களை எழுதிக்கொண்டு வாருங்கள். உங்கள் கூலியையும் சேர்த்து ஒரு பொருளின் உண்மையான செலவு. மாரியில் எத்தனை, கோடையில் எத்தனை என்று மாதம் உங்களால் செய்ய முடிகிற எண்ணிக்கை. கட்டி முடித்த பொதியின் நிறையும் நீள அகல உயரமும். இந்த மூன்றும் இருந்தால் தளத்தில் பதிவது அரைமணி நேர வேலை. என் மடிக்கணினியிலேயே சேர்ந்து செய்துவிடலாம். இந்த மூன்றும் இல்லாமல் பதிந்தால், வருகிற ஒவ்வோர் ஓர்டரும் உங்கள் வீட்டுக் காசைத்தான் கொண்டுபோகும்.

இனிக் கேள்விகளுக்கு வருவோம். பின்வரிசையில் இருந்து தொடங்குங்கள்.